பதில் வராத வீடுகள்: தொலைக்கல்வி பற்றிப் பெற்றோரிடம் கருத்தறிதல்

(கொழும்பில் ஆசிரியர்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தலைவர் அவர்களே, அதிபர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாடசாலை மூடியிருக்கும் காலத்தில் வீட்டிலிருந்தபடி நடக்கும் கல்வியைப் பற்றிப் பெற்றோரின் கருத்தை எப்படி அறிவது என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அந்தக் காலம்தான் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடிய வகுப்பறைகள், திறப்பதும் மூடுவதுமாக 2021 ஒக்டோபர் வரை இழுபட்டதையும், அதிலும் மேல் மாகாணத்துப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வீட்டில் அடைபட்டிருந்ததையும் நாம் மறக்கவில்லை. 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் கொழும்பு நகரப் பாடசாலைகள் மறுபடியும் ஒன்லைனுக்குப் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது களனி கங்கை பெருகி, வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. கிருமி, எரிபொருள், வெள்ளம் என்று காரணம் மாறுகிறதே தவிர, மூடுவது நிற்கவில்லை. ஆகவே அடுத்த தடவை பெற்றோரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை, பாடசாலை திறந்திருக்கும் இந்த வேளையிலேயே தீர்மானித்து வைப்பது நல்லது.

இதுவரை நாம் கேட்ட முறை எல்லோருக்கும் தெரிந்ததே. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவத்தின் இணைப்பு வரும். 'ஒன்லைன் வகுப்புகள் திருப்தியாக உள்ளனவா?' என்ற கேள்விக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளியிட வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பதினெட்டுப் பேர் பதில் தந்தால், அதில் பதினைந்து பேர் நான்கும் ஐந்தும் போட்டிருப்பார்கள். 'எண்பது வீதத்துக்கு மேற்பட்ட பெற்றோர் திருப்தி' என்று வலயக் கல்விப் பணிமனைக்கு அறிக்கை போய்விடும். மிகுதி இருபத்திரண்டு வீடுகளைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இருக்காது. இந்த எண்களை உதாரணத்துக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் இங்கே தலையசைக்கும் ஆசிரியர்களைப் பார்த்தால், உதாரணம் வெகுதூரம் போய்விடவில்லை என்று தெரிகிறது.

இணையம் கிடைக்கிறதா என்று இணையத்தின் வழியாகவே கேட்டால், கிடைக்கிறது என்ற பதிலைத் தவிர வேறு என்ன வரும்? கருத்துக் கணிப்புத் துறையில் இதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் 10 மில்லியன் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பிக் கருத்துக் கேட்டது. ஏறத்தாழ 2.4 மில்லியன் பதில்கள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, லாண்டன் என்பவர் வெல்வார் என்று அவ்விதழ் எழுதியது. தேர்தலில் 48 மாநிலங்களில் 46ஐ, அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் வென்றார். அவ்விதழ் முகவரிகளைப் பெருமளவில் தொலைபேசிக் கையேடுகளிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் திரட்டியிருந்தது. பொருளாதார மந்தத்தின் நடுவே தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அட்டை கிடைத்தும் பதில் எழுதாமல் விட்டவர்களின் மனநிலையும் எழுதியவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்தது. அதே தேர்தலில் அதைவிட மிகச் சிறு தொகையினரிடம், ஆனால் பல தரப்பினரும் சேரும்படி பார்த்துக் கேட்ட ஜோர்ஜ் கலப் என்ற கருத்துக் கணிப்பாளர் சரியாகக் கணித்தார். எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்பதைக் காட்டிலும், யார் தரவில்லை என்பதே பெரிய கேள்வி என்று இத்துறையினர் அன்றிலிருந்து சொல்லி வருகிறார்கள்.

நம் நாட்டின் நிலையை இதனோடு பொருத்திப் பாருங்கள். தொற்றுக்கு முந்திய 2019இல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய அளவீட்டின்படி, மேசைக்கணினியோ மடிக்கணினியோ இருந்த வீடுகள் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டின. கொழும்பில் நிலைமை மேல் என்பது உண்மைதான். ஆனால் கொழும்பு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது ஒரே ஊர் அல்ல. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனி அறையில் இருந்து படிக்கும் பிள்ளையும், முகத்துவாரத்தில் ஒற்றை அறை வீட்டில் தாய் சமைக்கும் சத்தத்துக்கும் பக்கத்து வீட்டு வானொலிக்கும் நடுவே படிக்கும் பிள்ளையும் ஒரே வகுப்பின் இடாப்பில் அடுத்தடுத்த பெயர்களாக இருக்கலாம்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். தரம் 4, தரம் 8, தரம் 11 என்று மூன்று பிள்ளைகள். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். மூவருக்கும் காலை எட்டு மணிக்கே வகுப்பு. சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற மூத்தவனுக்குத்தான் போன் என்பதில் அந்த வீட்டில் வாக்குவாதமே எழவில்லை. சின்னவளுக்கு இரவு எட்டரைக்குப் பிறகு, ஆசிரியை அனுப்பிய குரல் பதிவுகளும் கரும்பலகைப் படங்களும் கிடைக்கும். படங்களைப் பெரிதாக்கித் தாய் வாசித்துக் காட்டுவார், பிள்ளை கொப்பியில் எழுதுவாள். போனில் இடம் நிரம்பியதும் பழைய வீடியோக்களை அழிப்பார்கள். எது யாருடைய பாடம் என்று பார்த்து அழிக்க நேரமிருக்காது. இந்தத் தாயிடம் திருப்தியா என்று கேட்டால், 'டீச்சர் நல்லாத்தான் படிப்பிக்கிறா' என்பார். அது பொய்யில்லை. அவர் ஆசிரியைக்கு மரியாதை செலுத்துகிறார். நாமோ அதைப் புள்ளிவிபரம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே அபிப்பிராயத்தை விட்டுவிட்டு, நடந்ததைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கடந்த செவ்வாய்க்கிழமை உங்கள் பிள்ளை எத்தனை மணிக்குப் பாடத்தைத் தொடங்கினார், யாருடைய போனில், அந்தப் போன் பகலில் வீட்டில் இருந்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள், பாடத்தின் எந்த இடத்தில் டேட்டா முடிந்தது, மறுபடி ரீலோட் செய்ய எத்தனை நாள் ஆயிற்று என்று, குறித்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் பெற்றோர் தயங்காமல் சொல்வார்கள். சூம் வகுப்பைப் பற்றி மட்டும் கேட்பதும் போதாது. நேத்ரா தொலைக்காட்சி அலைவரிசையில் தமிழ்மொழிப் பாடங்கள் ஒளிபரப்பாயின. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் இருந்தது. கொமியூனிகேஷன் கடையில் போட்டோக் கொப்பி எடுத்த வினாத்தாள்களும் இருந்தன. எந்த வீட்டில் எது உதவியது என்று கேட்டறிந்த பாடசாலை, எதற்குப் பணம் செலவிடலாம் என்பதையும் அறிந்திருக்கும்.

பெற்றோர் என்று நாம் யாரை எண்ணுகிறோம் என்பதையும் சற்று யோசிக்க வேண்டும். தாய் குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்ய, அம்மம்மாவின் கையில் வளரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் கணிசமாக உண்டு. 'பெற்றோர் கையொப்பம்' என்று அச்சிட்ட இடத்தைப் பார்த்ததும், இது நமக்குரியதல்ல என்று அந்த அம்மம்மா தாளை மடித்து வைத்துவிடுவார். அதேவேளை, தூரத்தில் இருக்கும் தாய் இரவில் ஐமோ வீடியோ அழைப்பில் வந்து வீட்டுப்பாடத்தைப் பார்வையிடுவதும் நடக்கிறது. அப்படி ஒரு தாயின் வெளிநாட்டு இலக்கத்தை, யாரென்று தெரியவில்லை என்று வகுப்புக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. பிள்ளையின் படிப்பை உண்மையில் பார்த்துக்கொள்பவர் யாரோ, அவரிடம்தான் கேள்வி போக வேண்டும்.

இனிச் சங்கடமான விடயத்துக்கு வருகிறேன். பெற்றோருக்குப் பயம் உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் அதிபர்தான். படிவத்தைச் சேகரிப்பவர் வகுப்பாசிரியர்தான். பிள்ளையின் தம்பியை அடுத்த வருடம் அதே பாடசாலையில் முதலாம் தரத்துக்குச் சேர்க்கவேண்டிய தகப்பன், பெயரெழுதிய தாளில் குறை எழுதுவாரா? பெயரில்லாமல் கேட்டால், எந்தப் பிள்ளைக்குப் போன் இல்லை என்பது தெரியாமல் போய்விடும். இதற்கு நான் சொல்லும் வழி எளிது: இரண்டு தாள்கள். தேவைகளைக் கேட்கும் தாளில் பெயரும் வகுப்பும் இருக்கட்டும். கற்பித்தலைப் பற்றிய கருத்தைக் கேட்கும் தாளில் தரம் மட்டும் போதும். இரண்டாவது தாளை, அந்தப் பாடசாலையில் கற்பிக்காத யாராவது, பழைய மாணவர் சங்கத்தினராக இருந்தாலும் சரி, சேகரித்துத் தொகுக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இதைத் தங்களை எடைபோடும் வேலையாகக் கருதிவிடக் கூடாது. அப்படிப் பயன்படுத்த அதிபர்களும் இடம் கொடுக்கக் கூடாது. சொந்தச் சம்பளத்தில் டேட்டா வாங்கி வகுப்பெடுத்தவர்கள் அவர்கள். 2021 ஜூலை 12 முதல் சம்பள முரண்பாட்டுப் பிரச்சினைக்காக அவர்கள் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகி நின்ற மாதங்களில் கருத்துக் கேட்டிருந்தால், பெற்றோரின் கோபமோ அனுதாபமோ பதிவாகியிருக்குமே தவிர, பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. எப்போது கேட்கிறோம் என்பதும் பதிலை மாற்றும்.

எந்த வழியாகக் கேட்டாலும், முதற் சுற்றில் பதில் வராத வீடுகளின் பட்டியலை எடுத்து, அவற்றிலிருந்து ஒரு வகுப்புக்கு ஆறேழு வீடுகளையாவது தொலைபேசியில் அழையுங்கள். சாதாரண அழைப்பு போதும், டேட்டா வேண்டாம். துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் வேலை செய்பவர்களைப் பகலில் அழைப்பதில் பயனில்லை. இரவு ஏழரைக்குப் பிறகு அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைக்கலாம். பாடநூல் வாங்க வரும் நாளில் வாசலிலேயே ஒரு மேசை போட்டு, எழுதத் தயங்குபவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள உயர்தர மாணவர் இருவரை அமர்த்தலாம்.

கேட்டபின் இரண்டு வாரங்களுக்குள் பதில் போக வேண்டும். தரம் 4 வகுப்பை மாலைக்கு மாற்றுகிறோம், வீடியோவுக்குப் பதிலாகக் குரல் பதிவு அனுப்புகிறோம், எல்லோருக்கும் டெப் தர எங்களிடம் பணமில்லை என்று, முடிந்ததையும் முடியாததையும் ஒரே தாளில் எழுதி அறிவித்தல் பலகையிலும் குழுவிலும் போடுங்கள். முடியாது என்று சொல்வதில் வெட்கமில்லை. கேட்டுவிட்டு வாயே திறக்காமல் இருந்தால், அடுத்த தடவை அந்தப் பதினெட்டுப் பேரும் பதில் தரமாட்டார்கள்.

மாதிரி வினாக்கொத்தின் பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். இரண்டாம் பக்கத்தின் கீழ் அரைப்பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அது அச்சுப் பிழையல்ல, பெற்றோர் எழுதுவதற்காக விட்ட இடம். தயவுசெய்து அங்கே கோடு போட்டுவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.