துளைக்குள் போன பாலிமர் ஏன் குழாயாகிறது?

வணக்கம். முதலில் இந்தத் தகட்டைக் கொஞ்சம் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். நடுவில் வெளிச்சம் ஊடுருவுகிற வட்டம் தெரிகிறதா? அந்த இடம் அலுமினியம் ஆக்சைடு. அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி துளைகள். எல்லாமே நேராகக் கீழே இறங்குகின்றன, ஒன்றோடொன்று கலப்பதில்லை. பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பிளாஸ்டிக் போன்ற பொருளை, இதற்குள் அனுப்பினால் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்தத் துளைகளை யாரும் துளைத்துப் போடுவதில்லை. சுத்தமான அலுமினியத் தகட்டை அமிலத்தில் நேர்மின்முனையாக மாட்டி மின்சாரம் கொடுத்தால், ஆக்சைடு வளர வளரத் துளைகள் தாமாக அறுகோண ஒழுங்கில் அமைகின்றன. ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட் கொடுத்தால் துளைக்குத் துளை தூரம் சுமார் 100 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). பாஸ்பாரிக் அமிலத்தில் 195 வோல்ட் என்றால் 500 வரை போகும். வோல்ட்டுக்கு இரண்டரை நானோமீட்டர் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் தடவை வளரும் அடுக்கின் மேற்பக்கம் தாறுமாறாகத்தான் இருக்கும், ஒழுங்கு அடியில் போய்த்தான் வரும். அதனால் அந்த அடுக்கு முழுவதையும் கரைத்து எடுத்துவிடுவார்கள். அலுமினியத்தின் மேல் சின்னச் சின்னக் குழிகள் மிஞ்சும். இரண்டாவது தடவை அந்தக் குழிகளிலிருந்து துளைகள் ஆரம்பிக்கும்போது மேலிருந்து கீழ்வரை ஒரே ஒழுங்கு. 1995-ல் ஜப்பானில் மசுதாவும் ஃபுகுதாவும் ஒழுங்கான துளைகளைக் காட்டினார்கள், அடுத்த ஆண்டே இந்த இரண்டு கட்ட முறை வந்தது. கரைப்பதற்குக் குரோமிக் அமிலக் கலவை பயன்படுகிறது. அது கடுமையான நஞ்சு, ஆய்வகத்துக்கு வெளியே யாரும் தொடக்கூடாது.

சரி, பாலிமருக்கு வருவோம். இடியாப்ப உரலில் மாவைப் பிழிவது போல என்று பலர் நினைக்கிறார்கள். பிழியவே வேண்டியதில்லை. பாலிஸ்டைரீன் படலத்தைத் தகட்டின் மேல் வைத்து, நன்றாக இளகும்வரை சூடாக்கினால் போதும், அது தானாகவே உள்ளே போகும். ஒரு பொருளின் மேற்பரப்பு மூடப்படாமல் திறந்து கிடக்க ஆகும் ஆற்றலைப் பரப்பு ஆற்றல் என்பார்கள். ஆக்சைடுச் சுவருக்கு அது அதிகம், பாலிமருக்குக் குறைவு. அதனால் உருகிய பாலிமர் சுவரைப் பற்றிக்கொண்டு மெல்லிய படலமாகப் பரவுகிறது. சுவர் முழுக்க மூடியாகிவிடும், ஆனால் நடு வெற்றிடம் நிரம்ப அதைவிட மிக அதிக நேரம் பிடிக்கும். அதற்குள் குளிரவைத்தால் கிடைப்பது குழாய். ஜெர்மனியில் ஷ்டைன்ஹார்ட்டும் சகாக்களும் 2002-ல் இதைத்தான் வெளியிட்டார்கள். டெஃப்லானிலேயே குழாய் செய்து காட்டினார்கள். எதிலும் ஒட்டாது என்று நாம் நம்பும் பொருள், இந்தச் சுவரை விடாமல் பற்றியிருக்கிறது!

வெப்பநிலையைக் குறைத்தால் கதை மாறுகிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் ரஸ்ஸல் என்பவரின் ஆய்வுக் குழு 2006-ல் பாலிஸ்டைரீனை வைத்து அதைப் பார்த்தது. அதிக சூட்டில் சுவர்ப் படலம் வேகமாக ஓடிக் குழாயாகிறது. குறைந்த சூட்டில் அந்தப் படலம் உருவாவதில்லை, துளை நிறைய பாலிமர் மெதுவாக ஏறி, உள்ளீடற்ற குழாய்க்குப் பதில் கெட்டியான கம்பியாகிறது. பாலிமரின் மூலக்கூறு எடை, அதாவது சங்கிலியின் நீளம், மாறினால் அந்த எல்லைச் சூடும் மாறும். ஒரே துளை, ஒரே பாலிமர், அடுப்பின் சூடு மட்டும்தான் வேறு. அதனால்தான் இந்தத் துளைத் தகட்டை ‘அச்சு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. வடிவத்தைத் தீர்மானிப்பதில் சுவருக்கும் சூட்டுக்கும் சம பங்கு இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பிளாக் கோபாலிமர்கள். ஒன்றோடொன்று சேராத இரண்டு பாலிமர் சங்கிலிகள், ஒரு முனையில் மட்டும் வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டிருக்கும். விலகி ஓடவும் முடியாது, கலக்கவும் பிடிக்காது. இரண்டும் சரிபாதியாக இருந்தால், வெளியில் தட்டையான அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். அதையே துளைக்குள் அடைத்தால் தட்டையாக நிற்க இடமில்லை. சுவருக்குப் பிடித்த சங்கிலி சுவரோடு ஒட்ட, மற்றது அதற்கு உள்ளே வர, அடுக்குகள் வளைந்து ஒன்றுக்குள் ஒன்றாக உருளைகளாகிவிடுகின்றன. பாலிஸ்டைரீன்–பாலிபியூட்டாடையீன் ஜோடியில் பியூட்டாடையீன் பகுதியை ஆஸ்மியம் டெட்ராக்சைடு என்ற வேதிப்பொருள் கருப்பாக்கும். குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் கருப்பு, வெள்ளை, கருப்பு என்று வளையங்கள் பளிச்சென்று தெரியும்.

துளையை இன்னும் குறுக்கினால் அடுக்குகளின் இயல்பான தடிமன் அதற்குள் சரியாக அடங்காது. அப்போது வேறு வழி தேடுகின்றன. வெளியில் நேரான உருளைகளாக அடுக்கப்படும் வகை, குறுகிய துளைக்குள் ஒற்றைத் திருகுச்சுருளாக முறுக்கிக்கொள்கிறது. அந்தச் சங்கிலிகளில் இடம் வலம் பிரிக்கும் எதுவுமே இல்லை, இட நெருக்கடி ஒன்றே சுருளை உண்டாக்குகிறது. முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

படிகமாதலும் உள்ளே வேறு மாதிரிதான். சாதாரணமாகப் பாலிமர் குளிரும்போது ஏதாவது தூசித் துணுக்கிலிருந்து படிகம் ஆரம்பித்து எங்கும் பரவும். இங்கே ஒவ்வொரு துளையும் தனித்தனி, அத்தனைக்கும் ஆளுக்கொரு தூசி கிடைக்காது. அதனால் பாலிஎத்திலீன் ஆக்சைடு போன்ற பாலிமர்கள் பூஜ்ய டிகிரிக்குக் கீழே போனபிறகுதான் உறைகின்றன. வெளியில் அதே பொருள் அறை வெப்பநிலைக்கு வருமுன்பே உறைந்துவிடும்.

கடைசியாக, வெளியே எடுப்பது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஆக்சைடைக் கரைத்துவிடும், பாலிஸ்டைரீனைத் தொடாது. ஆனால் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால், ஆவியாகும் நீர் குழாய்களை இழுத்துக் கட்டுக்கட்டாக ஒட்டவைத்துவிடும். தனித்தனியாக நிற்க வேண்டுமென்றால் உறைய வைத்து, வெற்றிடத்தில் பனியை நேரடியாக ஆவியாக்க வேண்டும். அதை அடுத்த வீடியோவில் செய்து காட்டுகிறேன். உங்களுக்கு எந்தப் பாலிமரில் பார்க்க ஆசை என்று கீழே எழுதுங்கள்.