மாயக்கதைக்கும் திதி பார்க்க வேண்டும்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பன்னிரண்டு வயது முதல் பதினாறு, பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாயக்கதை நாவல்கள் எழுதுகிறவள் நான். இல்லாத ஊர், இல்லாத மலை, இல்லாத அரசி. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தோணுது?" தோன்றுவதற்கு ஒரு நொடி போதும். பல் துலக்கும்போது தோன்றும், பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது தோன்றும். தோன்றிய பிறகு அதோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுவேன். வீட்டில் மற்றவர்கள் எழுந்து, குழாயில் தண்ணீர் வந்து, குக்கர் சத்தம் கேட்கிற வரைக்கும் உள்ள நேரம் நாவலுக்கு. அதற்குப் பிறகு சமையல், பிள்ளைக்குச் சாப்பாடு கட்டுவது. பத்து மணியிலிருந்து வருமானத்துக்கான வேலை. பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் பள்ளிக்கூட நோட்ஸ், கைடுகள். தமிழில் கதை எழுதுகிற அநேகம் பேருக்கு இப்படி இன்னொரு வேலை உண்டு. ஆசிரியராக இருப்பார்கள், வங்கியில் இருப்பார்கள், பத்திரிகையில் இருப்பார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் கிடைத்தால் காலையில் எழுதியதைப் படித்துப் பார்ப்பேன். வாய்விட்டுத்தான் படிப்பேன். கண்ணுக்குத் தப்புகிற சொல் காதுக்குத் தப்பாது.

இதில் மாயம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அங்கேதான் வருகிறேன்.

என் மேசைக்கு மேலே ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. கடைகளில் வருஷப் பிறப்புக்குக் கொடுப்பார்களே, நாளுக்கொரு தாளாகக் கிழிக்கிற காலண்டர், அதுதான். ஆனால் அது இந்த வருஷத்துக் காலண்டர் இல்லை. கிழிக்காமல் எடுத்து வைத்த பழைய காலண்டர். அது என் நாவலுக்கான காலண்டர். கதை ஆடி மாதம் வளர்பிறையில் தொடங்குகிறது என்றால், அந்தத் தாளில் இருந்து தொடங்குவேன். கதையில் ஒரு நாள் முடிந்தால் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் அன்றைக்கு யார் எங்கே இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், யாருக்குக் காயம் பட்டது என்று எழுதிக் கோத்து வைப்பேன். தாளில் திதி இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது. நிலா எப்போது எழும் என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? சொல்கிறேன். மாயக்கதையில் ராத்திரிகள் அதிகம். ராத்திரியில்தான் தப்பி ஓடுவார்கள், ராத்திரியில்தான் ஒளிந்துகொள்வார்கள். மூன்றாம் பிறை மேற்கே தெரிந்து, இருட்டிக் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். பௌர்ணமி நிலா சூரியன் விழுகிற நேரத்தில் கிழக்கே எழும். தேய்பிறை அஷ்டமி நிலா நடுராத்திரி வாக்கில்தான் வரும். அப்படியானால், அஷ்டமி ராத்திரி கோட்டைச் சுவர் ஏறுகிற பெண்ணுக்கு நடுராத்திரி வரை இருட்டு துணை இருக்கும். அதற்கு மேல் காவலாளி அவளைப் பார்த்துவிடுவான். அந்த அத்தியாயத்தின் வேகம் முழுக்க அந்த நிலாவிலிருந்து வருகிறது. நான் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. திதி பார்த்துக் கொடுத்துவிடுகிறது.

தூரமும் அப்படித்தான். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போகும். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், வைக்கோல் போட வேண்டும், மத்தியான வெயிலில் அவிழ்த்துவிட வேண்டும். நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் போனால் நல்ல மாடு. ஆகவே என் கதையில் கோட்டையிலிருந்து துறைமுகம் தொண்ணூறு கிலோமீட்டர் என்றால் நான்கு நாள் பயணம். நான்கு நாள் என்றால் சாப்பாடு? தயிர்ச்சாதம் அன்று சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். புளிச்சாதம் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் அவலும் வெல்லமும்தான். நான்காம் நாள் பசியோடு ஊருக்குள் நுழைகிற இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? நிச்சயம் சண்டை வரும். அந்தச் சண்டையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கட்டுச்சோற்றுக் கணக்கில் இருந்து அது வந்தது.

இங்கே நான் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒன்று உண்டு. என்னைத் தெரிந்தவர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள், இன்றைக்கும் சொல்லிவிடுகிறேன். மாயத்துக்கு விதி வேண்டும். விதிக்கு விலை வேண்டும். மந்திரம் சொன்னதும் எல்லாம் நடக்கும் என்றால் கதையில் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை, படிக்கிறவருக்கும் எந்தப் பதற்றமும் இல்லை.

இதை நான் எங்கேயோ போய்ப் படித்து வரவில்லை. விக்கிரமாதித்தன் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில், தோளில் பிணமும் கையில் வாளுமாக ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் எத்தனை வீடுகளில் புழங்கியிருக்கும்! அந்தக் கதையின் விதியை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். வேதாளம் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ராஜாவின் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குப் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு விலை. இந்த இரண்டே வரி விதியில் அத்தனை கதைகளும் நிற்கின்றன. விதி வலுவாக இருந்தால் கதை எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் ஓடும்.

என் நாவலுக்கு அப்படி ஒரு விதியைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில்தான் சுவாமிமலைக்குப் போனேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரை. தலைமுறை தலைமுறையாக ஐம்பொன் சிலை வார்க்கிற ஸ்தபதிகள் இருக்கிற ஊர். ஒரு பட்டறைத் திண்ணையில் உட்கார இடம் கொடுத்தார்கள். வயதான ஸ்தபதி ஒருவர் தென்னை ஓலையிலிருந்து நீளமாக ஒரு நறுக்கு கிழித்தார். சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளம். அதை மடித்தார், திரும்ப மடித்தார், மடிப்பு விழுந்த இடங்களில் நகத்தால் அழுத்தினார். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று முழு உருவமும் அந்த ஓலை மடிப்புக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் ஸ்கேல் எதுவும் இல்லை. அவர் மகன் வயதுள்ள ஒருவர் எதிரே உட்கார்ந்து மெழுகில் விரல்கள் செய்துகொண்டிருந்தார். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு. கையில் சூடு காட்டினால் வளையும், தண்ணீரில் போட்டால் இறுகும்.

மெழுகு உருவம் முடிந்ததும் அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். மிக மெல்லிய மண். மெழுகில் இருக்கிற சின்னக் கீறல்கூட அதில் பதிந்துவிடும். அதன் மேல் கனமான மண். காய்ந்த பிறகு வறட்டி நெருப்பில் சுட்டால், உள்ளே இருக்கிற மெழுகு உருகி, விட்டிருக்கிற துவாரம் வழியாக வெளியே ஓடிவிடும். உள்ளே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்து எடுக்க வேண்டும். உடைத்த அச்சு இனி உதவாது. இன்னொரு சிலை வேண்டுமானால் மெழுகிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

எவ்வளவு உலோகம் தேவை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். மெழுகை முதலிலேயே எடை போட்டு வைப்பார்களாம். அதைப் போல எட்டு, ஒன்பது மடங்கு உலோகம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உடம்பெல்லாம் படபடப்பு. நான் தேடிக்கொண்டிருந்த விதி முழுதாக அந்தப் பட்டறையில் இருந்தது. முதலில் ஓர் உருவம் வேண்டும். அந்த உருவம் உருகி ஓட வேண்டும். ஓடிய இடத்தில்தான் புதியது நிற்கும். எவ்வளவு இழந்தாயோ அதற்குக் கணக்கு உண்டு. அச்சு ஒருமுறைதான்.

என் நாவலில் வஞ்சி என்று ஒரு பெண். பதினான்கு வயது. களிமண் பொம்மைக்கு உயிர் கொடுக்கிற வித்தை அவள் குடும்பத்துக்குத் தெரியும். ஆனால் உயிர் கொடுக்க வேண்டுமானால் தன் நினைவுகளில் ஒன்றை உள்ளே வைக்க வேண்டும். அந்த நினைவு உருகி ஓடிவிடும். பொம்மை எழுந்து நடக்கும், அவளுக்கு அந்த நினைவு திரும்ப வராது. சின்ன நினைவு கொடுத்தால் பொம்மை சின்ன வேலை செய்யும். பெரிய வேலை வேண்டுமா, பெரிய நினைவைக் கொடு. ஊரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் வஞ்சி தன் அம்மா பாடிய தாலாட்டைக் கொடுத்துவிடுகிறாள்.

புத்தகம் வந்த பிறகு ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஒரு மாணவியிடமிருந்து கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து எழுதியிருந்தாள். கதை நன்றாக இருந்தது என்று ஒரு வரி. அதற்குப் பிறகு பக்கம் முழுக்கக் கேள்வி. "அம்மாவுக்கு அந்தத் தாலாட்டு ஞாபகம் இருக்குமே. அம்மா அதைத் திரும்பப் பாடினால் வஞ்சிக்கு அது பழைய பாட்டா, புதுப் பாட்டா? புதுப் பாட்டு என்றால் அவள் அதைத் திரும்பவும் பொம்மைக்குக் கொடுக்கலாமா?"

அந்தத் தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். இரண்டாம் பாகத்தின் நடுப்பகுதி முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். அம்மா பாடுகிறாள். வஞ்சிக்கு அது யாரோ பாடுகிற நல்ல பாட்டாகத்தான் கேட்கிறது. பிடித்துப்போய், கற்றுக்கொடு என்று அம்மாவிடமே கேட்கிறாள். அம்மா கற்றுக்கொடுக்கிறாள். இரண்டாவது அடியில் வஞ்சி ராகத்தை மாற்றிவிடுகிறாள். அம்மா திருத்தவில்லை. அந்த இடத்தை எழுத எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

இந்த வயதுப் பிள்ளைகளை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அந்தக் கடிதமே காரணம். பெரியவர்கள் சொல்கிற விதிகள் எல்லா இடத்துக்கும் பொருந்துகின்றனவா என்று சோதித்துப் பார்க்கத் தொடங்குகிற வயது அது. வீட்டில் ஒரு நியாயம், பள்ளிக்கூடத்தில் ஒரு நியாயம், தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று அவர்களுக்குத் தெரிய வருகிற வயது. அந்தக் கண்ணோடுதான் கதையையும் படிக்கிறார்கள். விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற கதை அவர்கள் கையில் கிடைத்தால் அதை அவர்கள் லேசில் விடுவதில்லை.

பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் கதை படிப்பதும் என் வேலையில் ஒரு பங்கு. நூலக வகுப்பில் ஓர் அத்தியாயம் வாசிப்பேன். எந்த இடத்தில் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்று கவனித்து, ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மறுபடி எழுதுவேன். பின்பெஞ்சில் தலை கவிழ்ந்திருந்த பையன் எந்த வரியில் நிமிர்ந்தான் என்பதையும் குறித்துக்கொள்வேன். என் நாவலை அச்சுக்கு முன்னால் திருத்துகிறவர்கள் அவர்கள்தான்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பதிப்பு, பணம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் புத்தகங்களின் வருஷம் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியே நடக்கிறது. 1977 முதல் அது நடந்து வருகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்களுக்கு மெய்ப்பும் அட்டைப்படமும்தான். ஆசிரியருக்கு உரிமைத்தொகை பொதுவாக விலையில் பத்து சதவீதம். இருநூற்றைம்பது ரூபாய்ப் புத்தகம் ஐந்நூறு பிரதி விற்றால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதனால்தான் பத்து மணிக்கு நான் கைடுகளுக்கு மெய்ப்புப் பார்க்கப் போகிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் புத்தகக் கடையில் என் நாவலை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் குழந்தைப் பாடல்களுக்குப் பக்கத்தில் வைக்கிறார்களே, அதில் வருத்தம் உண்டு. பதினைந்து வயதுப் பையன் அந்த அலமாரிப் பக்கமே வரமாட்டான். சிறுவர் இலக்கியத்துக்கு வாழ்நாளையே கொடுத்த வாண்டுமாமா, வி. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், 1925-இல் பிறந்து 2014-இல் மறைந்தார். கோகுலம், பூந்தளிர் என்று பத்திரிகைகளில் அவர் வளர்த்த வாசகர்கள் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களிடமும், கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு அடுத்த முறை போகும்போது, பன்னிரண்டிலிருந்து பதினேழு வயதுக்குத் தனியாக ஓர் அலமாரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், பரிந்துரைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி உங்கள் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.