துச்சாதனன் எடுத்துக்கொடுத்த அடி

வணக்கம். பாலக்கோட்டிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கும் கேள்வி இரண்டு நாட்களாக என்னை விடவே இல்லை. "பெரிய நடிகர்கள் கூப்பிட்ட மாத்திரத்தில் பாத்திரமாக மாறிவிடுகிறார்களே, அது பிறவியிலேயே வருவதா, பழக்கத்தில் வருவதா?"

இப்படிக் கேட்டால் எல்லோரும் சிவாஜி கணேசனைத்தான் சொல்வார்கள். நானும் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். மராட்டிய மன்னர் சிவாஜியைப் பற்றி அண்ணா எழுதிய நாடகத்தில், சிவாஜி வேஷத்தில் முதலில் எம்.ஜி.ஆர். நடிப்பதாக இருந்தது. அது நடக்காமல் போகவே வேஷம் கணேசனுக்கு வந்தது. அத்தனை பக்க வசனத்தையும் ஒரே நாளில் பாடம் செய்து ஒப்பித்தார். அந்த நாடகத்தைப் பார்த்துத்தான் பெரியார் அவரைச் 'சிவாஜி' என்று அழைத்தார்.

என்ன ஞாபகசக்தி என்று வியந்து பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அதற்கு முன் அவர் பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்களை வைத்து நாடகம் போடும் குழுவில், வளர்ந்த பிள்ளை. சீதை வேஷத்தில் தொடங்கி, அதே ராமாயணத்தில் பரதனாகவும் சூர்ப்பனகையாகவும் நின்றவர். எதிரில் நிற்பவனுடைய பாடமும் காதில் ஏறிய பிள்ளைக்குத்தான் புது வேஷம் அவ்வளவு சீக்கிரம் படியும்.

எதிராளியின் பாடம் என்று நான் அடிக்கடி சொல்வேன், பழைய நேயர்களுக்குத் தெரியும். அதையே நம் ஊர்க் கூத்தை வைத்து இன்னொரு முறை சொல்கிறேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு திரௌபதியம்மன் திருவிழா. அன்றிரவு துகில் கூத்து, பாஞ்சாலியின் சேலையைத் துச்சாதனன் உரியும் கதை. துச்சாதனன் வேஷக்காரர் பொழுது சாயும்போதே அரிதாரம் பூச உட்கார்ந்துவிட்டார். இடது கையில் உள்ளங்கை அகலக் கண்ணாடி, வலது கையில் ஈர்க்குச்சி. கிரீடம் ஏறிய பிறகு யாரோ டீ நீட்டினார்கள், தலையை மட்டும் அசைத்தார். இரண்டு பேர் திரை பிடிக்க, அதற்குப் பின்னால் விருத்தம் பாடினார். திரைக்குக் கீழே அவருடைய கால் மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. மிருதங்கம் ஓய்ந்திருந்த நேரத்திலும் அந்தக் கால் தாளத்தை விடவில்லை.

பாஞ்சாலி வேஷம் கட்டியிருந்தவன் சின்னப் பையன். சேலையில் கை வைப்பதற்கு முன் துச்சாதனன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார், அது கூத்தின் வழக்கம். சபையே எழுந்து நின்றதும் பையனுக்கு அடுத்த அடி மறந்துவிட்டது. பின்பாட்டுக்காரர்களும் திகைத்துப் போனார்கள். துச்சாதனன் ஒரு சுற்று அடவு போட்டு வந்து, "என்னடி பாஞ்சாலி, கண்ணனைக் கூப்பிடப் போகிறாயோ?" என்று இரைந்தார். 'கண்ணன்' என்ற சொல் காதில் விழுந்ததும் பையன் பாட்டைப் பிடித்துக்கொண்டான். ஊருக்கு எதுவும் தெரியவில்லை. நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் பையனின் உதடு நடுங்கியதைப் பார்த்தேன்.

தன் பாடத்திலேயே தடுமாறுகிறவருக்கு அடுத்தவர் உதட்டைப் பார்க்க நேரம் இருக்காது. இந்தத் துச்சாதனனுக்கு நேரம் இருந்தது. இத்தனைக்கும் அவர் பள்ளிக்கூடம் போகாதவர், வாத்தியார் பாடப் பாடக் காதால் கேட்டே படித்தவர். விடிந்ததும் தேங்காயெண்ணெய் தேய்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் இதைக் கேட்டேன். "பையன் பயந்துட்டான்" என்றார், அவ்வளவுதான்.

ஆகவே பாலக்கோட்டு நண்பரே, பிறவியா பழக்கமா என்பதைவிட, வசனம் இல்லாத நேரத்தில் நடிகர் என்ன செய்கிறார் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். அடுத்த கூத்துக்குப் போனால் பாடுகிறவரை விட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா நிற்பவரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்தே ஒரு நாள் பேசுவோம்.