எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பங்கு வாங்குவது?

(யாழ்ப்பாணத்தில் வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற வணிகக் கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, பெரியோர்களே, அம்மாமாரே, தம்பி தங்கையரே, எல்லோருக்கும் வணக்கம்.

சாத்திரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நிர்வாக சபையில் ஒருவர் முகம் சுருங்கியது. பயப்படாதீர்கள் ஐயா. கலியாணப் பொருத்தம் பார்ப்பது, வீட்டுக்கு நிலையம் எடுப்பது, பிள்ளைக்கு ஏடு தொடக்குவது, இவற்றில் நான் கை வைக்கப்போவதில்லை. அரசர் காலத்திலேயே செகராசசேகரமாலை என்று ஒரு சோதிட நூல் எழுந்த ஊர் இது. இன்றைக்கு என் பேச்சு ஒரே ஒரு விடயத்தைப் பற்றியது. கிரகம் பார்த்துக் கம்பனிப் பங்கு வாங்கி விற்கலாமா என்பதுதான் அது.

கொழும்புப் பங்குச் சந்தைக்கு யாழ்ப்பாணத்தில் கிளை இருக்கிறது. கணக்குத் திறக்க அங்கே போகவும் தேவையில்லை, 2020 முதல் கைத்தொலைபேசியிலேயே திறக்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசும் ஓய்வுபெற்றவர்களின் பணிக்கொடையும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போகத் தொடங்கிவிட்டன. நல்லது. ஆனால் காசு போன வழியால் சாத்திரமும் பின்னால் போய்விட்டது. யூடியூபைத் திறந்தால் வங்கிப் பங்குக்குக் குரு, தொலைத்தொடர்புக்குப் புதன், காணி கட்டடத்துக்குச் செவ்வாய், ஹோட்டலுக்குச் சுக்கிரன், எண்ணெய்க்கும் இரும்புக்கும் சனி என்று பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மாதச் சந்தா கட்டினால் வாட்ஸ்அப்பில் "இன்று வாங்கலாம்", "நாளை விற்கலாம்" என்று செய்தி வரும்.

எங்கள் வீட்டுச் சண்டையிலிருந்தே தொடங்குவோம். யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு. பழைய வாக்கியச் சூத்திரங்களின்படி கணிக்கும் வாக்கியம் ஒன்று, இன்றைய வானியல் கணக்குப்படி கணிக்கும் திருக்கணிதம் மற்றது. ஒரு தெருவிலேயே ஒரு கோயில் இதைப் பின்பற்றும், அடுத்த கோயில் அதைப் பின்பற்றும். விரத நாளில் சில நாழிகை வித்தியாசம் வந்தால் சமாளிக்கலாம். சனிப்பெயர்ச்சியில் வரும் வித்தியாசம் நாழிகைக் கணக்கில்லை. சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினொரு மாதம்! அந்தப் பதினொரு மாதமும் சனி எங்கே இருந்தார் என்பதில் எங்கள் சாத்திரிமாருக்குள்ளேயே உடன்பாடு இல்லை.

அந்த வருடம் சந்தை என்ன செய்தது? கொழும்புச் சந்தையின் மொத்த விலைப் போக்கைக் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 8,500 இல் தொடங்கி 10,650 அளவில் முடிந்தது. கால் பங்கு ஏற்றம். திருக்கணிதக்காரரைக் கேட்டால், சனி கும்பத்தில் ஆட்சி பெற்றார், அதனால் ஏறியது என்பார். வாக்கியக்காரரைக் கேட்டால், சனி மகரத்தில் ஆட்சியாக இருந்தார், அதனால் ஏறியது என்பார். இரண்டும் சனியின் சொந்த வீடுதான், இரண்டு பேரும் சாத்திரப்படி சரி. இறங்கியிருந்தால் சனியின் பார்வை பட்டது என்று இரண்டு பேரும் சொல்லியிருப்பார்கள், அதற்கும் சாத்திரத்தில் இடம் உண்டு. எந்தப் பக்கம் விழுந்தாலும் சரியாகிவிடும் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு எப்படி ஐயா காசைக் கட்டுவது?

உண்மையில் 2023 இல் நடந்தது என்ன? மார்ச் மாதம் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தின வருடம் எழுபது சதவீதம் வரை போன பணவீக்கம் ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. ஜூனில் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. உள்நாட்டுக் கடனைச் சீரமைக்கும் திட்டத்தில் வங்கிகளுக்குப் பெரிய அடி விழாது என்று தெரிந்ததும் வங்கிப் பங்குகள் பாய்ந்து ஏறின. இதெல்லாம் பத்திரிகையில் வந்த செய்திதான். சந்தா கட்டத் தேவையில்லை.

இன்னொரு சிக்கல். மனிதருக்குச் சாதகம் கணிக்கப் பிறந்த நேரம் வேண்டும். சந்தைக்கு எது பிறந்த நேரம்? கொழும்பில் பங்கு விற்று வாங்கத் தொடங்கியது 1896 இல், வெள்ளைக்காரரின் தோட்டக் கம்பனிகளுக்குக் காசு சேர்க்க. இப்போதுள்ள நிறுவனம் உருவானது 1985 இல். கணினி வழி வியாபாரம் வந்தது 1997 இல். இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மூன்றில் எந்த வருடத்தை எடுத்து, அதில் எந்த நாள், எந்த மணி என்று வைத்து இலக்கினம் போடுவது? பிறந்த நேரம் தெரியாத பிள்ளைக்குக் குறிப்பு எழுதமாட்டேன் என்று நேர்மையான சாத்திரியார் சொல்லிவிடுவார். சந்தைக்கு மட்டும் அந்த நேர்மை வேண்டாமா?

சரி, இவ்வளவையும் விட்டுவிடுவோம். ஒரு பேச்சுக்குக் கிரகத்துக்குச் சக்தி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். குரு இராசி மாறிப் பெயரும் நாளில் வங்கிப் பங்கு உண்மையாகவே ஏறும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்குக் காசு கிடைக்காது. இது என் பேச்சின் நடு முடிச்சு, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கிரக இயக்கம் இரகசியம் இல்லை. 2050 இல் குரு எந்த இராசியில் நிற்பார் என்பதை இன்றைக்கே கணித்து அச்சடிக்கலாம். ஆகவே பெயர்ச்சி நாளில் பங்கு ஏறும் என்று தெரிந்தவர் முதல் நாளே வாங்குவார். அவரை முந்த நினைப்பவர் முதல் கிழமையே வாங்குவார். அவருக்கும் முன்னால் ஒருவர் முதல் மாதமே வாங்குவார். நல்லூர்க் கொடியேற்றம் எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். ஊர் முழுக்க மச்சம், அதாவது மீன் இறைச்சி, விடும் என்றும் தெரியும். வியாபாரி கொடி ஏறிய பிறகா மரக்கறி விலையைக் கூட்டுகிறார்? எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த எதுவும் விலைக்குள் ஏற்கெனவே புகுந்துவிடும். பெயர்ச்சி நாள் வரும்போது வாங்க ஆள் இருக்காது, வாங்கி வைத்தவர்கள் விற்கத்தான் நிற்பார்கள். அன்றைக்குச் சாத்திரத்தை நம்பி வருகிறவர் அவர்களிடம் வாங்குவார்.

"இல்லை மாஸ்ரர், இது ஒருவருக்கும் தெரியாத சூட்சுமம்" என்று சொல்பவரும் இருக்கிறார். அப்படியானால் அந்தச் சூட்சுமத்தை ஏன் முந்நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்? வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தானே வாங்கலாமே.

இதில் படித்தவர், படிக்காதவர் என்று வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்று பெரிய பொருளியல் அறிஞர் இருந்தார். உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் பிள்ளைகளுக்கு எல்லைப் பயன்பாடு என்ற கோட்பாடு தெரியும், அதை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் 1870களில் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் வியாபார நெருக்கடிகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். காரணமும் சொன்னார். புள்ளி கூடிக் குறையும்போது இந்தியாவில் மழையும் விளைச்சலும் மாறும், இந்தியர் கையில் காசு குறைந்தால் இங்கிலாந்துச் சாமான் விற்காது, அங்கே நெருக்கடி வரும். தில்லிக் கோதுமை விலையைக்கூடத் தேடி எடுத்து வைத்துப் பார்த்தார். ஆனால் கரும்புள்ளிச் சுற்று 11 வருடத்துக்குக் கிட்ட, நெருக்கடிச் சுற்றோ பத்தரை வருடம் அளவில் வந்தது. பொருந்தவில்லை. அந்த நேரம் பார்த்து வேறொரு விஞ்ஞானி கரும்புள்ளிச் சுற்று 10.45 வருடம் என்று ஒரு கணக்குச் சொல்ல, ஜெவன்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் வானியலாளர் சொல்வது ஏறத்தாழ 11 வருடம்தான். அவ்வளவு கூர்மையான மூளையே தனக்கு விருப்பமான விடைக்குப் பொருந்தும் எண்ணைத் தேடிப் போயிருக்கிறது. ஆனாலும் ஜெவன்ஸில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் காரணத்தைச் சொன்னார், எண்ணைச் சொன்னார், மற்றவர்கள் சோதித்துப் பார்க்க விட்டார்.

சோதனை என்றதும் புனே நினைவுக்கு வருகிறது. வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் 2008 இல் அங்கே ஒரு சோதனை நடத்தினார். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், இவர்களின் பிறந்த விபரங்களை எடுத்தார். சோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 சாதகம். எது எந்தப் பிள்ளை என்று சொல்ல வேண்டும். கடைசிவரை நின்று விடை அனுப்பியவர்கள் 27 சோதிடர்கள். சராசரியாகச் சரிவந்தது 46 சதவீதம். காசைச் சுண்டினால் 50 வரும்.

பங்குச் சந்தைச் சோதிடத்தின் குருநாதர் என்று பலர் சொல்வது அமெரிக்கரான டபிள்யூ. டி. கான் என்பவரை. 1878 இல் பிறந்து 1955 இல் இறந்தவர். கோணம், சதுரம், கிரகம் எல்லாம் கலந்து ஒரு முறை வைத்திருந்தார், அதைப் பாடநெறியாக்கி நல்ல விலைக்கு விற்றார். இவ்வளவு போதும்.

சந்திரன் விடயம் கொஞ்சம் சுவையானது. கேலி பேசிவிட்டுப் போக முடியாது. 2006 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 48 நாட்டுச் சந்தைகளை எடுத்துப் பார்த்தார்கள். பறுவத்தை, அதாவது பௌர்ணமியை, ஒட்டிய நாட்களைவிட அமாவாசையை ஒட்டிய நாட்களில் வருமானம் கூடவாம். வருடத்துக்கு 3 முதல் 5 சதவீதம் வித்தியாசம். மனிதரின் மனநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பார்த்தீர்களா, சாத்திரம் வென்றுவிட்டது என்று யாரும் எழும்பமுதல் கணக்கைப் போடுவோம்.

கொழும்புச் சந்தையில் எங்களைப் போன்றவர்கள் பங்கு வாங்கும்போது தரகும் வரியும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்து 1.12 சதவீதம். விற்கும்போது இன்னொரு 1.12. ஒருமுறை வாங்கி விற்றால் 2.24. அமாவாசைக்கு வாங்கிப் பறுவத்துக்கு விற்பதென்றால் வருடத்தில் குறைந்தது பன்னிரண்டு முறை செய்ய வேண்டும். பன்னிரண்டைப் பெருக்குங்கள். ஏறத்தாழ 27 சதவீதம் கட்டணத்திலேயே போய்விடும். ஐந்தைப் பிடிக்க இருபத்தேழைக் கொடுப்பதா? தினமும் "வாங்கு", "விற்" என்று செய்தி அனுப்பும் குழுக்களில் இருப்பவர்கள் கிரகம் சரியா பிழையா என்று பார்க்கமுதல் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கட்டும்.

அதோடு, பறுவ நாளில் எங்கள் சந்தை பூட்டு. போயா விடுமுறை. உலகத்தில் சந்திரனுக்கு மதிப்புக் கொடுத்துக் கதவைச் சாத்தும் சந்தைகள் எத்தனை இருக்கும்? வயதானவர்களுக்கு நினைவிருக்கும், 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு விடுமுறையே இல்லை. போயாவும் அதற்கு முதல் நாளும்தான் வார விடுமுறை. சந்திரன் சொன்னபடி பள்ளிக்கூடம் போனோம்.

அடுத்து, சொல்ல மனம் கனக்கிற ஒன்று. 2008 முடிவில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 1,503. 2010 முடிவில் 6,635. இரண்டு வருடத்தில் நான்கு மடங்குக்கு மேல். எந்தக் கிரகம் ஏற்றியது என்று யூடியூபில் விளக்கம் இருக்கிறது. 2009 மே மாதம் என்ன நடந்தது என்று இந்த மண்டபத்தில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கொழும்பில் பட்டாசு கொளுத்திய கிழமையில் எங்கள் சனம் எங்கே இருந்தது என்றும் தெரியும். சந்தை சனத்தின் கண்ணீரைக் கணக்கில் எடுக்காது, கம்பனியின் வருமானத்தைத்தான் எடுக்கும். அந்த ஏற்றத்துக்குக் குருபலம் என்று பெயர் வைப்பதைக் கேட்க எனக்குக் கூசுகிறது.

இனி வட்டி. எங்கள் சந்தையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விடயம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் வட்டி வீதத்தைப் பாருங்கள். 2020 இல் மத்திய வங்கி வட்டியை நன்றாகக் குறைத்தது. நிலையான வைப்பில் கிடைப்பது போதாமல் சனம் பங்குக்குத் திரும்பியது. 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000 ஐத் தாண்டியது. அப்புறம் டொலர் தீர்ந்தது. ஏப்ரல் 8 ஆம் திகதி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தினார்கள். 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அடுத்த கிழமை சந்தையையே பூட்டி வைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் திறைசேரி உண்டியலுக்கு, அதாவது அரசாங்கம் குறுங்காலக் கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரத்துக்கு, 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. அரசாங்கமே முப்பது தரும்போது கம்பனிப் பங்கை யார் திரும்பிப் பார்ப்பார்? புதன் வக்கிரம், அதாவது புதன் பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும் காலம், காரணம் என்றார்கள். புதன் வருடத்தில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று கிழமை வக்கிரத்தில் நிற்கும். ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒரு நாள். எந்தச் சரிவைத் தொட்டாலும் பக்கத்தில் ஒரு வக்கிரம் அகப்படும்.

நல்ல நேரம் பார்த்து முதல் பங்கை வாங்குவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. மும்பைச் சந்தையில் 1957 முதல் தீபாவளிக்கு ஒரு சிறு நேரம் திறந்து முகூர்த்த வியாபாரம் செய்கிறார்கள். புதுக் கணக்குக்கு மஞ்சள் தடவுவது போன்ற ஒரு மனத்திருப்தி அது. எந்தக் கம்பனி, என்ன விலை என்பதை அவர்களும் ஆண்டறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நீங்களும் இராகு காலம் கழிய வாங்குங்கள், ஆனால் கம்பனியின் கடன் எவ்வளவு, இலாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தரகர் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள். உங்கள் காசை வேறொருவரின் சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. நிர்வாக சபை ஒத்துக்கொண்டிருக்கிறது. கிரகம் பார்த்துச் சந்தையைச் சொல்ல முடியும் என்று நம்புகிறவர்கள், சாத்திரிமார் உட்பட, ஒரு கடதாசியில் எழுதி உறையிலிட்டு ஒட்டிச் செயலாளரிடம் கொடுக்கலாம். பங்கின் பெயர், அன்றைய விலை, ஏறுமா இறங்குமா, எவ்வளவு, எந்தத் திகதிக்குள். அடுத்த ஆண்டு விழாவில் எல்லோர் முன்னிலையிலும் பிரிப்போம். சரியாகச் சொன்னவருக்கு மேடையில் பொன்னாடை, போர்த்துவது நான். "ஏற்ற இறக்கமாக இருக்கும், நிதானம் தேவை" என்று எழுதி வந்தால் மட்டும் செயலாளர் வாங்கமாட்டார், முதலே சொல்லிவிட்டேன்.