நாலு ஊருக்குத் தண்ணி பிரிக்கும் குட்டி ஊர்! நீடாமங்கலம் பற்றி உங்களுக்குத் தெரியுமா?

[திரையில்: மூணாறு தலைப்பு, மேலிருந்து எடுத்த காட்சி]

வணக்கம் மக்களே! இந்த இடத்தை நல்லா உத்துப் பாருங்கள். ஒரு ஆறு வருகிறது, மூன்று ஆறாகப் பிரிந்து போகிறது. இங்கே எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் மன்னார்குடிப் பக்கம் நாற்று நனையுமா, முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடைக்கு, அதாவது பாசனத்தின் கடைசி வயல்களுக்கு, தண்ணீர் எட்டுமா என்பதெல்லாம் முடிவாகிறது. ஊர்ப் பெயர் நீடாமங்கலம். பஸ்ஸில் போகும்போது பத்து நிமிடத்தில் கடந்துவிடுவீர்கள்.

பாடப்புத்தக விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். திருவாரூர் மாவட்டம், பேரூராட்சி. வெண்ணாற்றங்கரை. மேற்கே தஞ்சாவூர், கிழக்கே திருவாரூர், வடக்கே கும்பகோணம், தெற்கே மன்னார்குடி. மராட்டியர் காலத்தில் யமுனாம்பாள் பெயரில் கட்டிய சத்திரம் இங்கே உண்டு. நாலு திசைக்கும் பாதை பிரிகிற ஊரில் சத்திரம் கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

[திரையில்: கல்லணையிலிருந்து கடல் வரை வரைபடம்]

இப்போது ஆற்றுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிவது பலருக்குத் தெரியும். எல்லாரும் கல்லணையோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் கீழேதான் விஷயமே இருக்கிறது. வெண்ணாறு தஞ்சாவூர் அருகே தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்து அனுப்பிவிட்டு, மீதித் தண்ணீரோடு நீடாமங்கலம் வருகிறது. இங்கே மூணாறு தலைப்பில், அதாவது ஷட்டர் வைத்து ஆற்றைப் பிரிக்கிற இடத்தில், பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகிறது.

ஒரு பக்கம் ஷட்டரை இறக்கினால் தலைப்புக்கு மேலே மட்டம் ஏறும், மற்ற இரண்டு ஆற்றுக்கும் கூடுதலாகப் பாயும். ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறைகிறது என்று அர்த்தம். அதனால்தான் தண்ணீர் பற்றாத வருஷங்களில் முறை வைத்து விடுகிறார்கள்: இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. உங்கள் முறை முடிவதற்குள் வாய்க்கால் வழியாக வயலுக்கு எட்டவில்லை என்றால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தால் மூன்று நாலு நாளில் கல்லணையைத் திறப்பார்கள். 2022-ல் மே 24-லேயே மேட்டூரைத் திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை போய்விட்டது. இரண்டு மாத வித்தியாசம் என்றால் குறுவையே, அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல் சாகுபடியே, கைவிட்டுப் போகிற வித்தியாசம்.

[திரையில்: ஷட்டரின் கிட்டக் காட்சி]

இந்தத் தூணடியைப் பாருங்கள். முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு வரும். கூடவே வைக்கோல், பிளாஸ்டிக் பாட்டில், ஆகாயத்தாமரை எல்லாம் வந்து ஷட்டர் முன்னால் அடைத்துக்கொள்ளும். அதை நீண்ட கம்பு வைத்துத் தள்ளிவிடுகிற ஆட்களைப் பார்த்தால் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். அப்புறம் தூர்வாரும் வேலை. ஏப்ரல், மே மாதத்தில் ஆறு காய்ந்து கிடக்கும்போதே முடிக்க வேண்டும். தண்ணீர் வந்த பிறகு பொக்லைனை இறக்குவது விவசாயிக்கு எந்த வகையிலும் உதவாது. இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். அப்போது யாருக்கும் தண்ணீர் வேண்டாம்! பாசனத்துக்கு வந்த அதே ஆறுகள்தான் கீழே போகப் போக வடிகாலாகவும் வேலை செய்ய வேண்டும். தரையோ ஏறக்குறைய சமதளம். கடலில் நீர் ஏற்றம் இருந்தால் வடிவது இன்னும் தாமதம், மழைக்காலத்து நெல்லான சம்பாப் பயிர் மூழ்கி நிற்கும்.

இன்னொரு அழகான விஷயம். இங்கே பிரிகிற பாமணியாறும் கோரையாறும் தனித்தனியாக ஓடிக் கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருக்கிற அதே காயலில் போய்ச் சேர்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சிதைத்த காடு அது.

[திரையில்: எண்கள்]

மக்கள்தொகை. திருவாரூர் மாவட்டத்தில் 2001-ல் 11,69,474 பேர், 2011-ல் 12,64,277 பேர். பத்து வருஷத்தில் 8 சதவீதம்தான் கூடியிருக்கிறது. அதே காலத்தில் தமிழ்நாடு 15.6 சதவீதம் வளர்ந்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1,017 பெண்கள். மாநில அளவில் அது 996. ஆட்கள் வெளியே போகிறார்கள் என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன என்பது என் கருத்து. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா. நடவு நாளில் வயலில் இறங்கி நிற்பவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் நடுவயது தாண்டிய அம்மாக்கள். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை, அதனால் இன்னும் 2011 எண்ணை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கெடுப்பு ராத்திரி இங்கே படுக்கிறவர்களைத்தான் எண்ணும். பகலில் சுற்றுக் கிராமமெல்லாம் இங்கேதான் இருக்கும். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பாருங்கள்! நீடாமங்கலம் ஆற்றுக்கு மட்டுமில்லை, ரயிலுக்கும் ஜங்ஷன். தஞ்சாவூர் - திருவாரூர் பாதையிலிருந்து மன்னார்குடி பாதை இங்கே பிரிகிறது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் போகிற ரயிலுக்கு இங்கே இன்ஜினை மறுமுனைக்கு மாற்றிக் கோக்க வேண்டும். போதாததற்கு நெல்லும் அரிசியும் ஏற்றுகிற சரக்கு ரயில்கள். கொள்முதல் நிலையத்தில் வாங்கிய நெல் லாரி லாரியாக வந்து, வேகனில் ஏறி, வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகிறது. உங்கள் ரேஷன் கடை அரிசி இந்த ஸ்டேஷனைத் தாண்டி வந்திருக்கலாம், நீங்கள் மதுரையில் இருந்தாலும் சரி, தர்மபுரியில் இருந்தாலும் சரி.

கேட் மேல் பாலம் வேண்டும் என்று இந்த ஊர்க்காரர்கள் பல வருஷமாகக் கேட்டு வந்தார்கள். ஆம்புலன்ஸ் நிற்கிற வரிசையில் ஒருமுறை நின்றவர்களுக்கு அந்தக் கோரிக்கையின் நியாயம் தெரியும்.

பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு, இந்த மூன்றில் உங்கள் வயல் எந்த ஆற்றுப் பாசனம்? இந்த வருஷம் தண்ணீர் என்ன தேதியில் எட்டியது? ஊர்ப் பெயரோடு கமென்ட்டில் எழுதுங்கள். எல்லாத் தேதியையும் ஒரே வரைபடத்தில் குறித்து, அடுத்த வீடியோவில் கோரையாற்றங்கரையோடு முத்துப்பேட்டை வரை போகலாம்.