லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டதும் சென்னையே லாரியை நம்பி நின்றது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலிலும் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அப்போது தண்ணீர் கிடைத்ததே பெரிது. அதில் கிருமிகளைக் கொல்லும் குளோரின் மிச்சமிருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

லாரி நிரப்பும் இடத்தில் குளோரின் போட்டால் போதும் என்பதை நான் ஏற்பதில்லை. வெயிலில் ஓடும் தொட்டி, உள்ளே படிந்த பாசி, அழுக்குக் குழாய் எல்லாமே அதைத் தின்றுவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 சொல்வது லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின். அதுவும் தண்ணீரைப் பயன்படுத்துபவரிடம் வந்து சேரும் இடத்தில்.

பரிசோதனை எளிது. கண்ணாடிக் குழாயை அதே தண்ணீரில் அலசி, நிரப்பி, குளோரின் இருந்தால் நிறம் காட்டும் டிபிடி மாத்திரையை விரல் படாமல் போட்டு நசுக்குங்கள். இருந்தால் உடனே இளஞ்சிவப்பு. ஒரு நிமிடத்துக்குள் வண்ண அட்டையோடு ஒப்பிட்டுவிட வேண்டும்.

ஒரு லாரியில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மூக்கில் ஏறும் நெடி, ஆனால் குழாயில் நிறமே இல்லை. மாத்திரை கெட்டுவிட்டதோ என்று இன்னொன்று போட்டேன். மின்னலாய் ஒரு சிவப்பு, அடுத்த நொடி மறைந்துவிட்டது. யாரோ குளோரின் தரும் பிளீச்சிங் பவுடரை அளவில்லாமல் கொட்டியிருக்கிறார்கள். குளோரின் மிகவும் அதிகமானால் டிபிடி நிறத்தையே வெளுத்துவிடும். ஒரு பங்கு தண்ணீரோடு ஒன்பது பங்கு குளோரின் இல்லாத தண்ணீர் கலந்து பார்த்தபோது நல்ல சிவப்பு வந்தது. அந்த லாரியைத் திருப்பி அனுப்பினோம். குடத்தோடு நின்ற பெண்களின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அதனால் நிறம் வரவில்லை என்றால் முதலில் முகர்ந்து பாருங்கள். அப்புறம் மேலும் பவுடர் போடுவதா என்று முடிவு செய்யுங்கள். பவுடரும் பழசாக இருக்கலாம். திறந்து வைத்த மூட்டையில் வீரியம் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போகும்.

குடியிருப்பில் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து முதல் குடத்திலும் கடைசிக் குடத்திலும் பாருங்கள். மறுநாள் காலை வீட்டு டிரம்மிலும் ஒருமுறை பாருங்கள். அங்கே நிறம் வராவிட்டால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். நன்றி, வணக்கம்.