மிஸ்ஸி, இந்தத் தடவை பாஸா?

நேயர்களுக்கு வணக்கம். நான் 30 ஆண்டு தாதியாக வேலை பார்த்தவள். கடைசிப் பன்னிரண்டு ஆண்டு சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில், நீரிழிவு நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் சின்ன அறையில் கழிந்தது. இப்போது எனக்கும் சர்க்கரை. மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தாயிற்று.

அந்த அறையில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "மிஸ்ஸி, இந்தத் தடவை பாஸா?" என்பதுதான். நம் பெரியவர்களுக்குத் தாதி என்றாலே மிஸ்ஸி. எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை, ஏழு சதவீதத்துக்குக் கீழே வந்தால் முகம் மலரும். எட்டு என்றால் தலை குனிவார்கள். சிலர் சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் சோற்றைப் பாதியாக்கிக்கொண்டு வருவார்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை பார்க்கிறது. இரண்டு நாள் பட்டினிக்கு அது ஏமாறாது. அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் பயம்.

2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. நல்லது நடந்திருக்கிறது. 2022 கடைசியிலிருந்து பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் உண்டு. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. காப்பிக்கடையில் "தே ஓ கோசோங்", அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனாலும் போர் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. போருக்கு ஓர் எதிரி வேண்டுமே. வீட்டில் அந்த இடம் நோயாளிக்கே வந்து சேர்கிறது.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் சொன்னது இது. தீபாவளியன்று விருந்தாளிகள் முன்னால் மருமகள், "மாமா, உங்களுக்கு அதிரசம் கிடையாது" என்றாராம். இவர் இரண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, ஒன்பதாவது மாடிப் படிக்கட்டில் நின்று அவசரமாக விழுங்கினார். "இனித்ததா என்றுகூடத் தெரியவில்லை மிஸ்ஸி." மருமகளை நான் குறை சொல்லமாட்டேன், அத்தனையும் அக்கறை. ஆனால் எல்லார் முன்னாலும் தட்டில் பாதி அதிரசம் வைத்து, சோற்றில் ஒரு கரண்டி குறைத்திருக்கலாம்.

நானும் யோக்கியம் இல்லை. தேக்காவில் பூக்கட்டும் ஓர் அம்மா வீட்டில் இரத்தச் சோதனை செய்வதில்லை. ஆறு மாதம் அவருடைய குறிப்பேட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்றே எழுதினேன். ஒரு நாள் கையை நீட்டச் சொன்னேன். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் நுனிகளில் ஊசிப் புள்ளிகள். நாரை இறுக்கி முடிச்சுப் போடுவது அதே இடத்தில்தான். மோதிரவிரலின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு, வேலையும் கெடாது. அவர் என்ன வேலை செய்கிறார் என்று அதுவரை நான் கேட்கவே இல்லை.

இந்த மனச்சுமையை அளக்க 1995இலேயே அமெரிக்காவில் 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்துவிட்டது. சாப்பாட்டைப் பற்றிய ஏக்கம், குற்ற உணர்வு, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடுமோ என்ற கவலை, எல்லாம் அதில் உண்டு. கடைசியாகச் சொன்னது சாதாரணமல்ல. இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நடுராத்திரியில் ஒருமுறை அப்படி ஆனவர், அடுத்து வேண்டுமென்றே சர்க்கரையை உயரத்தில் வைத்துக்கொள்வார். நாம் அவரைப் பிடிவாதக்காரர் என்போம்.

எனக்கு வந்தபோது எட்டு மாதம் மகளிடம் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், மாத்திரையைத் தேயிலை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அவள் கண்டுபிடித்தாள். அளவு எவ்வளவு என்று கேட்பாள், எப்படிச் சமாளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வயிற்றைக் கலக்குமாமே, சாப்பாட்டோடு போடுகிறீர்களா அம்மா?" என்றாள்.

வெறும் வயிற்றில்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.